மூன்று புலிக்கு எத்தனை ஆடு?

ஆடுபுலி ஆட்டத்தில் புலி 3, ஆடு 15, காய் வைக்கும் புள்ளிகள் 23. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டும். ஆடு யாரையும் வெட்டாது. புலி நகர முடியாதபடி சுற்றி அடைப்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். எத்தனை ஆடு விழுந்தால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. 3-க்கு 15 என்ற கணக்கு மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை. கோயில் மண்டபத்துக் கல்தரையில் செதுக்கிய கட்டமானாலும் சரி, மதுரை வில்லாபுரம் ஹவுசிங் போர்டில் மாடிப்படியில் சாக்பீஸால் போட்ட கட்டமானாலும் சரி, அதே 3, அதே 15.

ஏன் 15? வெட்டு எதுவும் விழாமல் எல்லாக் காயும் இறங்கிவிட்டால் பலகையில் காலியாக இருப்பது 5 புள்ளிகள். ஓர் ஆடு விழுந்தால் ஆட்டுக்காரருக்கு ஒரு காய் போயிற்று. கூடவே புலிக்கு நகர ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைத்தது. ஒரு வெட்டுக்கு இரண்டு நஷ்டம். அதனால்தான் முதல் ஆட்டை இழந்தவர் சிரிக்கிறார், மூன்றாவதை இழந்தவர் எழுந்து போகப் பார்க்கிறார். ஆட்டைக் கூட்டினால் புலிக்கு மூச்சு முட்டும், குறைத்தால் ஆட்டுக்காரர் உட்காரவே மாட்டார். பெயர் தெரியாத யாரோ, பல தலைமுறை ஆடிப் பார்த்து நிறுத்திய தராசு இது.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் சதுரங்கத்தில் சமநிலை பெரிய விஷயமல்ல. பலம் வேறு, வேலை வேறு, வெற்றியும் வேறு என்ற இரண்டு பக்கங்களை எதிரெதிரே உட்காரவைத்து, இது சரியான போட்டி என்று சொல்வதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்துக்கு எண் போட முடியுமா என்பது இந்த அத்தியாயத்தின் கேள்வி.

எண் போட்டே தீருவோம் என்று கிளம்பியவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு, 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடர் பார்த்தவர்களுக்கு அறிமுகமாகியிருக்கும். முதல் காட்சிகளிலேயே நான்கு பையன்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடிக்கொண்டிருப்பது இதைத்தான். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். குகைக்குள் பூதம் வரும். அடி விழுந்ததா இல்லையா என்பதை 20 முகப் பகடை சொல்லும். கதை நடத்துபவரின் தலைவலி, எந்தப் பூதத்தை அனுப்புவது என்பது. சப்பையான பூதம் வந்தால் பையன்கள் செல்போனை எடுத்துவிடுவார்கள். பலமானது வந்தால் மூன்று மாதமாக வளர்த்த பாத்திரம் அரைமணியில் செத்துப்போகும்.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு இதற்கு ஒரு மருந்து கொடுத்தது. ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு சவால் எண். நான்கு பேர் கொண்ட குழு, நால்வரும் 5-ஆம் லெவல் என்றால், சவால் எண் 5 உள்ள ஒரு பூதம் அவர்களுக்கு நியாயமான சண்டை. தங்கள் சரக்கில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழித்து ஜெயிப்பார்கள். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இந்த எண்ணைக் கணக்கிட அட்டவணையே கொடுத்தது. பூதம் எவ்வளவு அடி தாங்கும் என்பதற்கு ஓர் எண், ஒரு சுற்றில் எவ்வளவு அடிக்கும் என்பதற்கு ஓர் எண், இரண்டுக்கும் சராசரி. அதே பதிப்பில் சவால் எண் 30 வரை போகிறது. அந்த உச்சியில் உட்கார்ந்திருப்பது டராஸ்க் என்ற ஊர்விழுங்கி. அதன் உயிர்ப்புள்ளி 676.

இந்த அட்டவணையை நான் ரசிக்கிறேன். பூதத்தையும் வரவு செலவுக் கணக்கில் கொண்டுவந்துவிட முடியும் என்ற நம்பிக்கையில் ஓர் அழகு இருக்கிறது. ஆனால் கணக்கு எங்கே பிசகுகிறது என்று பார்ப்பதுதான் சுவாரசியம்.

ஓகர் என்று ஒரு ராட்சதன். தடித்த உடம்பு, தடித்த புத்தி. சவால் எண் 2, அவனைக் கொன்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி 450. காப்ளின் என்று ஒரு குட்டிச்சாத்தான், விலை 50. ஆக ஓர் ஓகரும் 9 காப்ளினும் ஒரே விலை. உயிர்ப்புள்ளியும் ஏறத்தாழ ஒன்றுதான்: ஓகருக்கு 59, காப்ளின் ஒன்றுக்கு 7 வீதம் ஒன்பதுக்கும் சேர்த்து 63. அப்படியானால் சண்டையும் ஒன்றுபோல் இருக்க வேண்டுமல்லவா?

கணக்குப் போடுவோம். எதிரில் நிற்பவர்களின் கவச எண், அதாவது அடி படப் பகடைக் கணக்கு எட்ட வேண்டிய எண், 16 என்று வையுங்கள். ஓகரின் அடி நூற்றுக்கு 55 முறை படும், பட்டால் சராசரி 13. சுற்றுக்கு 7 சொச்சம். காப்ளினின் அடி நூற்றுக்கு 45 முறைதான் படும், பட்டால் ஐந்தரைதான். ஆனால் ஒன்பது பேர் அடிக்கிறார்கள், சுற்றுக்கு 22. மூன்று மடங்கு! கொஞ்சம் பொறுங்கள், காப்ளின்கள் ஒவ்வொன்றாகச் சாகும். 9, 8, 7 என்று குறைந்து 1 வரை வரும்போது சராசரியாக உயிரோடு இருப்பது 5. அதனால் 22 என்பது 12 சொச்சமாக இறங்குகிறது. இப்போது இன்னொரு பக்கம். ஓகரின் கவசம் 11, காப்ளினுடையது 15. நம் ஆட்களின் அடி ஓகர் மேல் நூற்றுக்கு 75 படுமென்றால் காப்ளின் மேல் 55தான் படும். அதனால் காப்ளின் கூட்டத்தைத் தீர்க்க நேரம் பிடிக்கும். எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தால், ஒன்பது காப்ளின் தரும் மொத்த அடி, ஓகர் தருவதைப்போல் இரண்டரை மடங்கு.

2014 புத்தகத்தைத் திறந்தால், 7 முதல் 10 பூதம் வரை சேர்ந்து வந்தால் அவற்றின் விலையை 2.5-ஆல் பெருக்கு என்று ஒரு விதி இருக்கிறது. தாளில் போட்ட கணக்கு இப்படிப் புத்தகத்தோடு ஒட்டி வரும்போது ஒரு சந்தோஷம்.

இதற்குப் பின்னால் இருப்பது விளையாட்டு விதியைவிடப் பழையது. பிரிட்டனில் மோட்டார் கார் செய்துகொண்டிருந்த பொறியாளர் ஃபிரெட்ரிக் லான்செஸ்டர், 1916-இல் விமானப் போர் பற்றி எழுதிய நூலில் இதைச் சொன்னார். எல்லோரும் எல்லோரையும் சுடக்கூடிய சண்டையில் ஒரு படையின் பலம் ஆள் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். ஆளை இரட்டிப்பாக்கினால் பலம் நாலு மடங்கு. ஏனென்றால் கூடுதல் ஆள் கூடுதலாக அடிக்கிறான், அதோடு அடி வாங்குவதைப் பங்குபோட்டு மற்றவர்களை அதிக நேரம் நிற்கவும் வைக்கிறான்.

வர்க்க விதி இரண்டு பக்கமும் வெட்டும். குழுவில் ஒரு மந்திரவாதி இருக்கிறான், தூக்க மந்திரம் தெரியும் என்று வையுங்கள். 2014 விதிப்படி ஐந்து எண்முகப் பகடை உருட்டி, வரும் தொகைக்கு உள்ளடங்கிய உயிர்ப்புள்ளிகளைத் தூங்கவைப்பது அதன் வேலை, சராசரி 22. மூன்று காப்ளின் குறட்டை விடும். மீதி ஆறு. மூன்றில் ஒரு பங்கு போனதால் ஆபத்தும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று தோன்றும். 9 முதல் 1 வரை கூட்டினால் 45. 6 முதல் 1 வரை கூட்டினால் 21. பாதிக்கும் கீழே! அதே மந்திரத்தை 59 உயிர்ப்புள்ளி உள்ள ஓகர் மேல் போட்டால் அவனுக்குக் கொட்டாவிகூட வராது. ஆக 2.5 என்ற பெருக்கு எண் தூக்க மந்திரம் இல்லாத குழுவுக்குத்தான் சரி. 2024-இல் வந்த புதிய வழிகாட்டி நூலில் இந்தப் பெருக்கு அட்டவணையையே எடுத்துவிட்டார்கள்.

நம் புலியும் ஆடும்கூட 2014 பதிப்பில் இருக்கின்றன. புலியின் சவால் எண் 1, உயிர்ப்புள்ளி 37. ஆட்டின் சவால் எண் 0, உயிர்ப்புள்ளி 4. சும்மா இருக்க முடியுமா? 3 புலியையும் 15 ஆட்டையும் மோதவிட்டேன். புலியின் பாய்ச்சலையும் ஆட்டின் ஓட்ட முட்டலையும் ஒதுக்கிவிட்டு, வெறும் கடியும் வெறும் முட்டும் மட்டும், முதல் அடி புலிக்கு. ஒரு புலி நூற்றுக்கு 80 முறை ஆட்டைப் பிடிக்கும், பிடித்தால் ஆடு காலி. ஆட்டின் முட்டு நூற்றுக்கு 60 முறை படும், பட்டால் மூன்றரைப் புள்ளி. எல்லா ஆடும் ஒரே புலியைக் குறிவைத்தால் இரண்டாம் சுற்றில் முதல் புலி விழுகிறது. நாலாம் சுற்றில் இரண்டாவது. ஏழாம் சுற்றில் மூன்றாவது புலியும் விழுகிறது, நாலைந்து ஆடு நின்றுகொண்டிருக்கிறது.

ஆடு ஜெயித்துவிட்டது. அந்த ஆட்டு மந்தையை நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். சவால் எண்ணுக்குப் பயம் தெரியாது. முதல் ரத்தத்திலேயே மந்தை சிதறிவிடும் என்பது உயிர்ப்புள்ளியிலும் இல்லை, கவச எண்ணிலும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கல்தரைப் பலகையில் ஆடு ஒரு புள்ளிகூட அடிப்பதில்லை. அமெரிக்க அட்டவணைப்படி அதன் தாக்குதல் எண் சுழியம். ஆனாலும் நிதானமான ஆட்டுக்காரரிடம் புலி மாட்டிக்கொள்கிறது, ஏனென்றால் அங்கே வெற்றி என்பது கொல்வதல்ல, அடைப்பது. நேபாளத்தின் பாக்-சால் நம் ஆட்டத்துக்கு உறவுக்காரன். 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு, 5 ஆடு விழுந்தால் புலிக்கு வெற்றி. அதைக் கணினியில் முழுதாகத் துருவிப் பார்த்தவர்கள் லிம் யூ ஜின், யுர்க் நீவர்கெல்ட் என்ற இருவர். இரண்டு பக்கமும் தப்பே செய்யாமல் ஆடினால் ஆட்டம் டிரா. எந்தச் சூத்திரமும் இல்லாமல், ஆடி ஆடியே மலைநாட்டுக்காரர்கள் 4-க்கு 20 என்று நிறுத்தியிருந்த முள், நடுவில்தான் நின்றிருக்கிறது.

ஒரே பூதம் ஆளைப் பொறுத்து எவ்வளவு மாறும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் மூளைதின்னி. ஒரு மூளைக்கு நாலு கால் முளைத்தால் எப்படியிருக்கும், அதுதான். சவால் எண் 2, ஓகருக்குச் சமம். உயிர்ப்புள்ளி 21தான். பத்தடி தூரத்தில் இருப்பவரின் புத்தியை அது தின்னப் பார்க்கும். முதலில் எதிராளி ஒரு பகடை உருட்டித் தப்பிக்கப் பார்க்க வேண்டும். தப்பாவிட்டால் கதை நடத்துபவர் மூன்று சாதாரணப் பகடைகளை உருட்டுவார். தொகை எதிராளியின் புத்தி எண்ணை எட்டினால் புத்தி சுழியம், ஆள் மரக்கட்டை.

வாள்வீரனின் புத்தி எண் 8. பெரும்பாலான வாள்வீரர்கள் அப்படித்தான், புள்ளிகளையெல்லாம் புஜத்தில் போட்டுவிடுவார்கள். அவன் தப்பாமல் போக வாய்ப்பு 60%. மூன்று பகடையில் 8 அல்லது அதற்குமேல் விழ வாய்ப்பு 84%. இரண்டையும் பெருக்கினால் 50%. ஒரே முயற்சியில் பாதிக்குப் பாதி ஆள் அவுட். புத்தி எண் 16 உள்ள மந்திரவாதிக்கு? தப்பாமல் போக 30%. மூன்று பகடையில் 16 அல்லது மேலே விழ 5%-க்கும் கீழே. பெருக்கினால் 1.4%. போன புத்தியை மீட்கும் மந்திரம் பூசாரிக்கு 9-ஆம் லெவலில்தான் கிடைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பூதம், ஒரே எண், ஒரே மேசை. ஒருவனுக்குக் காசு சுண்டிப் பார்க்கும் சாவு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு நூற்றில் ஒன்று.

ஓகரிடம் கதை தலைகீழ். அவனுடைய ஒரு அடி மெலிந்த மந்திரவாதியைச் சாய்த்துவிடும், நாலைந்து லெவல் ஏறிய வாள்வீரன் மூன்று அடி வாங்கிவிட்டும் நிற்பான். இதில் ஒரு வேடிக்கை: 2014 அட்டவணையில் ஓகரின் எண்களை நாமே போட்டுப் பார்த்தால் சவால் எண் 1-க்குப் பக்கத்தில்தான் வருகிறது. புத்தகம் 2 என்கிறது. முதல் லெவல் ஆள் யாராயிருந்தாலும் அந்த 13 புள்ளி அடியில் பெரும்பாலும் விழுந்துவிடுவான் என்பதை மேசையில் பார்த்துவிட்டு எண்ணைத் தூக்கியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

நாள் கணக்கும் ஒன்று உண்டு. 2014 பதிப்பின் எண்கள், குழு ஒரு நாளில் ஆறிலிருந்து எட்டு சண்டை போடும் என்ற அனுமானத்தில் நிற்பவை. நிஜத்தில் பலர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரே சண்டையோடு எழுந்து விடுகிறார்கள். எட்டு சண்டைக்கு வைத்திருந்த மந்திரத்தையெல்லாம் ஒன்றிலேயே கொட்டினால் எந்தப் பூதமும் சப்பைதான்.

உடம்பை அளந்து கஷ்டத்தை ஊகிப்பது ஒரு வழி. உடம்பைப் பார்க்காமல் ரிசல்ட்டை மட்டும் பார்ப்பது இன்னொரு வழி. சதுரங்கம் இரண்டாவது வழியில் போகிறது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த ஆர்பாட் எலோ வகுத்த முறையை அமெரிக்க சதுரங்கக் கூட்டமைப்பு 1960-இலும் உலகக் கூட்டமைப்பு ஃபிடே 1970-இலும் எடுத்துக்கொண்டன. யார் எப்படி யோசிக்கிறார் என்பது அதற்குத் தேவையில்லை. யாரிடம் ஜெயித்தார், யாரிடம் தோற்றார் என்பது போதும். இரண்டு பேருக்கும் 400 புள்ளி வித்தியாசம் என்றால் பத்துக்கு ஒன்று என்ற வாய்ப்பு. டென்மார்க்கின் கியோர்க் ராஷ் 1960-இல் பள்ளித் தேர்வுகளுக்கு இதே போன்ற ஒன்றைச் செய்தார். மாணவரின் திறமை, கேள்வியின் கஷ்டம், இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்தார். கேள்வியைப் பூதமென்று எடுத்துக்கொண்டால் நமக்கு வேண்டியது இதுதான்.

ராஷ் முறை ஒரு நிபந்தனை போடுகிறது. ஒரு கேள்வி இன்னொன்றைவிட ஒருவருக்குக் கஷ்டமென்றால் எல்லோருக்கும் கஷ்டமாக இருக்க வேண்டும். வரிசை ஆளுக்கு ஆள் புரளக் கூடாது. ஓகரும் மூளைதின்னியும் புரட்டுகிறார்களே! அப்படிப்பட்ட கேள்வியைத் தேர்வு நடத்துபவர்கள் தூக்கி எறிந்துவிடுவார்கள். கதை நடத்துபவர் அதைத்தான் ஆசையாக எடுத்து வைத்துக்கொள்வார்.

வில்லாபுரத்தை ஒட்டியிருக்கும் அவனியாபுரத்தில் இந்த இரண்டாவது வழி தை முதல் நாள் ஜல்லிக்கட்டாக நடக்கிறது. மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். வாடிவாசலில் ஒவ்வொரு காளையாக அவிழ்த்துவிடுகிறார்கள். சுற்றுக்கு ஒரு நிற பனியன் போட்ட மாடுபிடி வீரர்கள் காத்திருக்கிறார்கள். திமிலை அணைத்துக் குறிப்பிட்ட தூரம் போனால் வீரருக்குப் பரிசு. முடியாவிட்டால் மைக்கில் மாடு வெற்றி என்று அறிவிப்பார்கள், பரிசு மாட்டுக்காரருக்கு. ஒரு காளைக்கு ஒரு ரிசல்ட், ஆம் அல்லது இல்லை. எலோ பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று தோன்றும்.

படமாட்டார். அன்றைக்கு ஒரு காளை ஒரே முறைதான் வாடியைத் தாண்டுகிறது. ஒரே ஒரு கேள்விக்குக் கிடைத்த பதிலை வைத்து ரேட்டிங் போட முடியாது. மேலும் அது ஒரு தனி வீரரை எதிர்கொள்வதில்லை, ஒரு கூட்டத்தை எதிர்கொள்கிறது. இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் பிடி செல்லாது. காலை ஏழரை மணிக்கு வரும் காளைக்கு எதிரே நிற்பவர்கள் வேறு, பிற்பகலில் வரும் காளைக்கு வேறு. சீசன் முழுக்கப் பல வாடிகளில் அவிழ்த்த காளைகளின் பெயரையும் பிடித்தவர், விட்டவர் கணக்கையும் சேர்த்தால் ராஷ் முறையில் ஏதோ ஒரு வரிசை வரும். அந்த வரிசை சதுரங்க ரேட்டிங் போல நம்பகமாக இருக்க, காளைகளும் வீரர்களும் குறுக்கும் நெடுக்குமாகப் பலமுறை சந்தித்திருக்க வேண்டும்.

அப்படியே வந்தாலும் ஒரு சிக்கல் தீராது. வாடியை விட்டு வந்ததும் ஒரே ஓட்டமாகக் களத்தைத் தாண்டிவிடும் காளையும் பிடிபடுவதில்லை. களத்தின் நடுவே நின்று, திரும்பி, கொம்பைத் தாழ்த்தி, நெருங்குகிறவனையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகப் போகும் காளையும் பிடிபடுவதில்லை. ரிசல்ட் தாளில் இரண்டுக்கும் ஒரே குறி. மாட்டுக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். நின்று விளையாடும் மாடு என்று சொல்லும்போது குரலே மாறும். நாளின் முடிவில் சிறந்த காளைக்கென்று கார், டிராக்டர் எல்லாம் பரிசாக வைக்கிறார்கள். அந்தப் பரிசுக்குக் காளையைத் தேர்ந்தெடுக்கும்போது விழாக் குழு பிடிபட்டதா இல்லையா என்ற கணக்கோடு நிறுத்திக்கொள்வதில்லை. எவ்வளவு நேரம் களத்தில் நின்றது, எத்தனை பேரைத் தன் பக்கம் வரவிட்டது என்பதையும் பார்க்கிறது.